பள்ளி முற்றத்தில் மண் மிச்சமிருக்கட்டும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலை பஜாரின் நெரிசலை ஒட்டிக் கொஞ்சதூரம் நடந்தால் அட்டக்குளங்கரை வந்துவிடும். தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் பகுதி. காய்கறி மூட்டைகள், பாத்திரக் கடைகள், ஆட்டோ சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே நூறாண்டைத் தாண்டிய ஓர் அரசுப் பள்ளி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளி நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து, பஸ் நிலையமும் வணிக வளாகமும் கட்ட ஒரு திட்டம் வந்தது. நகரத்தின் நடுமையம், கோயிலுக்கு வருகிற கூட்டம், பஸ் நிறுத்த இடமில்லாத சாலை. காரணங்களுக்குக் குறைவில்லை. சைலன்ட் வேலி காட்டுக்காகப் போராடிய கவிஞர் சுகதகுமாரி இந்தப் பள்ளியின் மரங்களுக்காகவும் தெருவுக்கு வந்தார். சூழல் ஆர்வலர்களும் பழைய மாணவர்களும் கூடவே நின்றார்கள். பள்ளி இன்றும் அங்கேயே இருக்கிறது.

பெரியவர்களின் கண்ணுக்குப் பள்ளி மைதானம் எப்போதும் காலி இடம்தான். குடிநீர்த் தொட்டி கட்ட இடம் வேண்டுமா, புது வகுப்பறை எழுப்ப வேண்டுமா, சமையல்கூடம், கழிப்பறை, ஆசிரியர்களின் வண்டி நிறுத்தம் எதுவானாலும் முதலில் விரல் நீள்வது அந்தப் பக்கம். 2017-ல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் கேரளத்தின் அரசுப் பள்ளிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொண்டுவந்தது; ஓடு வேய்ந்த பழைய கட்டடங்கள் இருந்த இடங்களில் மாடிக் கட்டடங்கள் வந்தன; அரசுப் பள்ளிகளை விட்டுப் போன பிள்ளைகள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தார்கள். பெரிய சாதனை அது. ஆனால் கட்டடம் எழும்ப நிலம் வேண்டும். அந்த நிலம் பல இடங்களில் முற்றத்திலிருந்து எடுத்ததுதான்.

மலையாளத்தில் விளையாட்டுக்குப் பெயர் ‘களி’. விளையாட்டு மைதானம் ‘களிக்களம்’. தமிழில் அதே சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். இரண்டு மொழிகளும் ஒரே வேரிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் களிக்களம் 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பத்தனம்திட்டா மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் மைதானத்தில் குடிநீர்த் தொட்டி கட்டும் முயற்சியை ஒட்டி எழுந்த வழக்கு. விசாரித்த நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் தொட்டியோடு நிறுத்தவில்லை. கேரளக் கல்வி விதிகளின்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவும் அரசு தயங்கக் கூடாது என்றார். எந்த வகைப் பள்ளிக்கு எவ்வளவு பரப்பில் மைதானம் வேண்டும், அதில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று விதிகள் தெளிவாகச் சொல்லவில்லை; நான்கு மாதங்களுக்குள் அதை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் கழிப்பறை, குடிநீர், சமையலறையோடு மைதானமும் இருக்கிறது. ஆக, மைதானம் என்பது பள்ளிக்குச் சலுகையாகக் கிடைக்கும் பொருள் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

நிலம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் மேல் என்ன செய்வது? வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜே.சி.பி. வரும், மேடு பள்ளத்தை ஒரே மட்டமாக்கும், குறுக்கே நிற்கும் மரம் போகும், எம்.எல்.ஏ. நிதியிலோ உள்ளாட்சி நிதியிலோ இன்டர்லாக் கல் பதிக்கப்படும். ஓரத்தில் ஒரு சறுக்கு மரம், ஓர் ஊஞ்சல், ஒரு சீசா. திறப்பு விழாவுக்கு ஒரு பலகை. பணம் செலவாகியிருக்கும். ஆனால் செம்மண், நிழல், மழைநீர், சரிவு என்று அந்த இடத்தில் முன்பே இருந்த நல்லவை எல்லாம் போயிருக்கும். நல்ல மைதானத்தின் வடிவமைப்பு, விளையாட்டுக் கருவிகளின் விலைப்பட்டியலுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை. திருவனந்தபுரத்தைப்போல மழையும் மேடும் மரமும் உள்ள ஊரில் அதற்கான பாதிப் பொருள் காலடியிலேயே கிடக்கிறது.

மட்டமாக்குவதற்கு முன்

ஏழு குன்றுகளின் மேல் அமைந்த ஊர் என்று திருவனந்தபுரத்தைச் சொல்வார்கள். நகரத்துக்குள் பத்து நிமிடம் நடந்தாலே ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். மேலே செம்மண், கீழே வெட்டியெடுத்துச் சுவர் கட்டும் செம்புறைக்கல். இந்த நிலத்தோடு எப்படிப் பழக வேண்டும் என்பதை இந்த ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டு, 2007-ல் இங்கேயே கண்மூடிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

நகரின் உள்ளூர் என்ற பகுதியில் குன்றின் மேல் அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே சுவர் மரத்துக்கு வழிவிட்டு வளைந்து போகும். படிக்கட்டுகள் நிலத்தின் சரிவைப் பின்தொடரும். எங்கும் குன்றை வெட்டிச் சமப்படுத்திய தடம் தெரியாது. ஸ்ரீகாரியம் லயோலா பள்ளியில் 1970-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய தேவாலயமும் அதே கையின் வேலைதான்: உள்ளூர்ச் செங்கல், காற்றும் வெளிச்சமும் வடிந்து வரும் ஜாலிச் சுவர். பேக்கர் பள்ளி மைதானங்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு மனையில் கால் வைத்ததும் அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கும் அந்தப் பழக்கம் பள்ளி முற்றத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஆறடி உயரச் சரிவு ஒன்று பள்ளி வளாகத்தில் இருந்தால் ஒப்பந்தக்காரருக்கு அது சிக்கல். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மலை. அதன் மேல் ஓடி ஏறலாம், உருண்டு வரலாம், மேலே நிற்பவன் ராஜா என்று விளையாடலாம். சரிவின் மேலேயே ஒரு சறுக்கைப் பதித்தால் உயரமான ஏணி தேவையில்லை. கீழே விழும் உயரமும் குறைகிறது. சரிவில் செம்புறைக்கல் படிகளை அகலமாகப் போட்டால் காலையில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கும் பிற்பகலில் நாடகத்துக்கும் அரங்கு தயார். மண் சரியுமே என்ற பயத்துக்கும் கேரளத்திலேயே மருந்து உண்டு. தேங்காய் நாரில் நெய்த கயிற்று வலை, ‘கயர் பூவஸ்திரம்’ என்ற பெயரில் கால்வாய்க் கரைகளிலும் குளக்கரைகளிலும் ஏற்கெனவே விரிக்கப்படுகிறது. வலையின் கண்களில் புல் பிடித்து வேர் இறங்கும்வரை அது மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும். பிறகு தானே மக்கி மண்ணாகிவிடும். சிறயின்கீழ், அஞ்சுதெங்கு பக்கத்துக் கயிறு தொழிலாளர்களுக்கு இது வேலையும்கூட.

இருக்கிற இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு விளையாட்டிடம் அமைப்பதை ஒரு நகரமே முப்பது ஆண்டுகள் செய்துகாட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆம்ஸ்டர்டாமில், 1947-ல், ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சதுக்கத்தில் மணல் தொட்டியும், தாவிச் செல்லக் கற்களும், தொங்கிக் குட்டிக்கரணம் அடிக்க இரும்புக் கம்பிகளும் வைத்தார். 1978-க்குள் அந்த நகரத்தில் அவர் வடிவமைத்த விளையாட்டிடங்கள் 700-ஐத் தாண்டின. இடிந்த வீட்டு மனை, தெருமுக்கு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த சந்து எல்லாமே அவருக்கு இடம்தான். கற்களும் கம்பிகளும் எங்கும் ஒரே வகை. அடுக்கிய விதம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு. கவனிக்க வேண்டியது, அந்தக் கற்களும் கம்பிகளும் குழந்தைக்கு ‘இதை இப்படித்தான் பயன்படுத்து’ என்று சொல்லவில்லை. ஒரு கல் இன்று படகு, நாளை கடை, மறுநாள் பாண்டி ஆட்டத்தின் கடைசிக் கட்டம். பிளாஸ்டிக் யானை வடிவச் சறுக்கு என்றைக்கும் யானை வடிவச் சறுக்குதான்.

எழுபது லட்சம் லிட்டர்

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபர்–நவம்பரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் ஊர். இந்தக் கணக்கை ஒரு பள்ளி முற்றத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் முற்றத்தில் ஓராண்டில் விழும் நீர் 70 லட்சம் லிட்டருக்கு மேல். மண்ணாக இருந்தால் அதில் நல்ல பங்கு உள்ளே இறங்கி, பள்ளிக் கிணற்றுக்கே திரும்பும். நெருக்கமாகக் கல் பதித்து அடியில் ஜல்லியும் தூளும் கெட்டித்துவிட்டால் பெரும்பகுதி வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடும்.

தெருவுக்கு ஓடினால் என்ன ஆகும் என்பது இந்த நகரத்துக்குத் தெரியும். பலத்த மழை என்றால் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் முழங்காலளவு தண்ணீர். 2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டு, அடைபட்டுக் கிடந்த பழைய வடிகால்களைத் தோண்டித் திறந்தார்கள். அதே வட்டாரத்தில்தான் எஸ்.எம்.வி. மாதிரிப் பள்ளி இருக்கிறது. அட்டக்குளங்கரைப் பள்ளி இருக்கிறது. சாலை பஜார்ப் பள்ளி இருக்கிறது. வெள்ளத்துக்கு நடுவே இப்படிப் பள்ளி வளாகங்கள் இருப்பது நகரத்தின் அதிர்ஷ்டம். அவற்றின் மண் திறந்திருக்கும்வரை.

இன்டர்லாக் போடும் தலைமையாசிரியரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஜூன் மாதத்தில் சேறு வகுப்பறைவரை வருகிறது. வெள்ளைச் சட்டை சிவப்பாகிறது. புல்லுக்குள் பாம்பு இருக்குமோ என்ற பயம் பெற்றோருக்கு. பி.டி.ஏ. கூட்டத்தில் முதல் கேள்வி அவரைத்தான் பார்த்து எழும். அவருக்குத் தேவை சேற்றுக்குத் தீர்வு. அதற்கு முற்றம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. வாசலிலிருந்து வகுப்பறைக்கும், சமையல்கூடத்துக்கும், கழிப்பறைக்கும் பிள்ளைகள் தினமும் நடக்கும் தடத்தில் மட்டும் உறுதியான பாதை. கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் கூழாங்கல் நிரப்பிய ஓடை. முற்றத்தின் தாழ்ந்த மூலையில் நீர் தேங்கி இறங்கக் குழி. வகுப்பறை வாசலில் கால் கழுவ ஒரு குழாய். மழைக்கால ஆட்டத்துக்கு நாலு பக்கமும் திறந்த, கூரை மட்டும் வேய்ந்த ஒரு பெரிய திண்ணை. நாஞ்சில் நாட்டிலும் திருவிதாங்கூரிலும் பழைய வீட்டின் முன் திண்ணையில் மழை பார்த்தபடி தாயமும் பல்லாங்குழியும் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெயில் இன்னொரு பக்கம். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்று கேரளப் பள்ளிகளில் 2019 முதல் ‘வாட்டர் பெல்’ அடிக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் நண்பகலில் நிழல் விழாத சிமெண்டு முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பாரிஸ் நகரம் இதே தொல்லைக்காகத்தான் ‘ஓயசிஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கிப் பள்ளி முற்றங்களின் தாரைப் பெயர்த்து, மண்ணும் மரமும் மரத்தூளும் இட்டது. 100-க்கும் மேற்பட்ட முற்றங்கள் அங்கே மாறிவிட்டன. பாரிஸ் பெரும் செலவில் பெயர்த்தெடுக்கும் அதே கடினத் தரையை இங்கே நாம் செலவு செய்து பதித்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

மரம் என்றால் எந்த மரம்? விழாவுக்கு நடும் அழகுச் செடிகளால் பயனில்லை. மா, நாவல், புன்னை, பலா, நெல்லி என்று நிழலும் காயும் தருபவையாக இருக்கட்டும். ஏறுவதற்குத் தாழ்ந்த கிளை உள்ள மரங்கள் இரண்டேனும் இருக்கட்டும். மலையாளிகளின் பள்ளி நினைவே ஒரு நெல்லி மரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1982-ல் வந்த ‘சில்லு’ படத்துக்காக ஓ.என்.வி. குறுப்பு எழுதிய பாட்டில், பழைய முற்றத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய் நெல்லி மரத்தை உலுக்கும் ஏக்கம் வருகிறது. அந்தப் பாட்டு இல்லாமல் கேரளத்தில் பழைய மாணவர் சந்திப்பு நடப்பது அபூர்வம். இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கும் அப்படி ஒரு மரம் கிடைக்க வேண்டாமா?

மண்ணைத் தொடுவது உடம்புக்கும் நல்லது என்பதற்கு இப்போது சான்று வந்துவிட்டது. ஃபின்லாந்தில் குழந்தைகளுக்கான 10 பகல்நேரக் காப்பகங்களில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. சில காப்பகங்களின் வெறும் முற்றத்தில் காட்டு மண்ணும் புல்லும் செடிப் பெட்டிகளும் கொண்டுவந்து வைத்தார்கள். 28 நாட்களில் அங்கே விளையாடிய 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர்களின் வகை கூடியது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீராக வைக்கும் அணுக்களும் கூடின. கண்ணுக்கும் இப்படித்தான். சீனாவின் குவாங்ஜோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்றாண்டுகள் ஆய்வு செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். கண்ணாடிக் கடைகளில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்தில் 40 நிமிட வெளிச்சம் பெரிய விஷயம்.

ஓரத்தில் நிற்பவர்கள்

2025 அக்டோபரில் கேரளப் பள்ளிகளின் மாநில விளையாட்டு விழா திருவனந்தபுரத்தில் நடந்தது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் சேர்த்தே போட்டிகள்; ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்த நாட்கள். ஆனால் அந்தப் பதக்க மேடைக்கு வராத, எந்த அணியிலும் பெயர் வராத பிள்ளைகள்தான் ஒவ்வொரு பள்ளியிலும் பெரும்பான்மை. மைதானம் அவர்களுக்கும் சொந்தம்.

எந்தப் பள்ளியிலும் மதிய இடைவேளையில் மாடியிலிருந்து கீழே பார்த்தால் ஒரே படம் தெரியும். நடுவே கால்பந்தோ கிரிக்கெட்டோ. பதினைந்து இருபது பெரிய பையன்கள். முக்கால் மைதானம் அவர்களுடையது. சின்னப் பையன்களும் பெண் பிள்ளைகளும் சுவரோரம். வியன்னா நகரம் 1990-களில் தன் பூங்காக்களில் இதை எண்ணிப் பார்த்தது. ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்திருந்தது. பையன்கள் அப்படியே இருந்தார்கள். 1999-ல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள். ஒரே பெரிய திறந்தவெளியைப் பல சிறு வெளிகளாகப் பிரித்தார்கள். கூண்டுபோல் ஒரு வாசல் மட்டும் இருந்த ஆட்டக்களங்களுக்கு அகலமான பல வழிகள் திறந்தார்கள். கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை, சுற்றறிக்கையும் அனுப்பவில்லை. இடத்தின் வடிவத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

கேரளத்துக்கும் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூர் அருகே வளையஞ்சிறங்கரை அரசு எல்.பி. பள்ளி. 2018-ல் ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடையாக முழங்கால் வரை நீளும் கால்சட்டையும் சட்டையும் கொண்டுவந்தது. பாவாடை பறக்குமோ என்ற கவலை இல்லாமல் ஓடவும் தாண்டவும் தலைகீழாகத் தொங்கவும் முடிந்தால்தானே பெண் பிள்ளைக்கு அந்தக் கம்பியால் பயன்? மைதான வடிவமைப்பு சில சமயம் தையற்கடையில் தொடங்குகிறது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வேறொரு கணக்கு. சாய்தளம் வைத்துக் கட்டடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். இடைவேளை மணி அடித்ததும் வராந்தாவிலேயே விட்டுவிடுகிறோம். மணலும் ஜல்லியும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மைதானத்தின் நடுப்பகுதிவரை போய்வர உறுதியான ஒரு பாதை, மேசை உயரத்தில் ஒரு மணல் தொட்டி, சாய்ந்து உட்கார முதுகுள்ள ஊஞ்சல். இவை தனி மூலையில் இருக்கக் கூடாது. எல்லோரும் விளையாடும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டும். சென்னை சாந்தோமில் மாநகராட்சி அமைத்த அனைவருக்குமான விளையாட்டுப் பூங்கா இந்த எண்ணத்தில் வந்ததுதான். திருவனந்தபுரத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளியூர் நிபுணர் வேண்டியதில்லை. வழுதக்காட்டில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. ஜகதியில் செவித்திறன் அற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. எந்தத் தரை பாதத்துக்கு வழி சொல்லும், எந்த விளிம்பு தடுக்கிவிடும் என்று அந்த வழுதக்காட்டுப் பிள்ளைகளைவிட யாரால் நன்றாகச் சொல்ல முடியும்?

இந்த மாவட்டத்தில் பள்ளி முற்றத்துக்குள் யார் வரலாம் என்பதே ஒரு காலத்தில் போர். நூறாண்டுக்கு முன், ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற தலித் சிறுமியை ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யங்காளி கைப்பிடித்து அழைத்து வந்தபோது ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே கொளுத்தினார்கள். அன்று பாதி எரிந்த பெஞ்ச் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-ல் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி–பஞ்சமி நினைவுப் பெயர் சூட்டப்பட்டது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கேரளம் இப்போது நல்ல காரியம் ஒன்று செய்துகொண்டிருக்கிறது. ‘வர்ணக்கூடாரம்’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளின் மழலை வகுப்புகளைச் சமக்ர சிக்ஷா மாற்றியமைக்கிறது. பள்ளிக்கு 10 லட்சம் ரூபாய் அளவில் நிதி. மொழிக்கு, கணக்குக்கு, கட்டுமானத்துக்கு, வெளி விளையாட்டுக்கு என்று 13 வகைச் செயல்பாட்டு இடங்கள். நான்கு வயதில் விளையாட்டே படிப்பு என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டு பணமும் ஒதுக்கியிருக்கிறது. ஒரு குறை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. குகையும் அருவியும் மான்களும் சிமெண்டில் வார்த்து வண்ணம் பூசி நிற்கின்றன. பார்க்க அழகு, புகைப்படத்துக்கு இன்னும் அழகு. ஆனால் குழந்தையால் அதில் எதையும் நகர்த்தவோ மாற்றவோ முடியாது. அதே செலவில் ஒரு பகுதி ஈர மணலுக்கும், மூங்கில் துண்டுகளுக்கும், ஒரு வாளித் தண்ணீருக்கும் போகட்டும்.

பாதுகாப்பு என்ற பேச்சு வரும்போது 2025 ஜூலையை மறக்க முடியாது. பக்கத்து மாவட்டமான கொல்லத்தில், தேவலக்கரைப் பள்ளியில், கூட்டாளிகளோடு விளையாடிக்கொண்டிருந்த 13 வயதுப் பையனின் செருப்பு சைக்கிள் கொட்டகைக் கூரை மேல் விழுந்தது. எடுக்க ஏறினான். கூரைக்குக் கையெட்டும் உயரத்தில் மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. செருப்பு கூரையில் விழுவதும் பையன் ஏறுவதும் உலகம் முழுக்க எல்லாப் பள்ளியிலும் நடப்பது. கம்பி அங்கே இருந்ததுதான் தவறு. பிள்ளைகள் எங்கெல்லாம் ஏறுவார்கள் என்று பிள்ளையின் கண்ணால் பார்த்து நடந்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும்.

குழந்தைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறு. குழந்தை தானே பார்த்து அளந்து எடுக்கும் துணிச்சல் வேறு. மின்கம்பி, மூடாத கிணறு, துருப்பிடித்த ஊஞ்சல் சங்கிலி, ஆட்டம் கண்ட மதில், சிமெண்டுத் தரையின் மேல் நிறுத்திய ஏணி எல்லாம் முதல் வகை. இவை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மரக்கிளை, சரிவு, தாவும் கல் இரண்டாம் வகை. இவை இருக்க வேண்டும்; கீழே ஓர் அடி ஆழத்துக்கு மணலும் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஸ்வான்சன் என்ற தொடக்கப்பள்ளி, பல்கலைக்கழக ஆய்வு ஒன்றின் பகுதியாக இடைவேளை விதிகளையெல்லாம் எடுத்துவிட்டது. மரம் ஏறலாம், பழைய டயரையும் பலகையையும் இழுத்துக்கொண்டு போகலாம். சண்டையும் சீண்டலும் குறைந்தன, பிள்ளைகள் வகுப்பில் அமைதியானார்கள் என்று பள்ளி சொன்னது. செய்ய ஒரு வேலை கிடைத்த பிள்ளைக்கு அடுத்தவனை இடிக்க நேரமில்லை.

நகரத்தை விட்டுத் தெற்கே கடற்கரையோடு போனால் மைதானம் என்ற சொல்லின் பொருளே மாறுகிறது. பூவாறு, பொழியூர், அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நீரோடி. இந்த மீனவக் கிராமங்களின் பிள்ளைகள் பந்தாடப் பழகியது கடல் மணலில். 2018-ல் கொல்கத்தாவில் வங்காளத்தை வீழ்த்தி சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியை வென்ற கேரள அணியில் பொழியூர்காரர் சீசன் இருந்தார். வெறுங்காலில் மணலில் ஓடிய கால்களுக்கு உள்ள பலத்தை யாரும் அந்த ஊர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடல் அரிப்பு அந்த மணலை ஆண்டுதோறும் தின்கிறது. வலியதுறைப் பக்கம் வீட்டை இழந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் வாழ்ந்தன. கடல் சீறும்போது பள்ளிக்கூடமே முகாம். வீடும் ஆட்டக்களமும் ஒன்றாகப் போய்விட்ட பிள்ளைக்குப் பள்ளி முற்றம்தான் மிச்சம். கடலோரப் பள்ளிகளுக்கு மைதான நிதியில் முதல் பங்கு போக வேண்டும் என்று கேட்க இதைவிட வேறு காரணம் தேவையா?

இடம் இருந்தும் நேரம் இல்லாவிட்டால் பயனில்லை. 5 முதல் 17 வயதுவரை தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2025 ஜூனில் கேரளத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமை தவிரத் தினமும் அரைமணி நேரம் கூட்டப்பட்டது, அது பாடத்துக்கு. அதே மாதம் போதைக்கு எதிரான இயக்கத்தின் பகுதியாகப் பள்ளிகளில் சும்பா நடனம் வந்து, அதைச் சுற்றி மாநிலமே விவாதித்தது. சும்பா நல்லதுதான்; ஆடட்டும். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கடன் கொடுக்கும் பழக்கம் இருக்கும்வரை எந்த நடனமும் ஈடு செய்யாது. கேரளக் குழந்தை உரிமை ஆணையமும் கல்வித் துறையும் விளையாட்டு, கலை நேரங்களில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று சொன்ன பிறகும் பத்தாம் வகுப்பில் அந்தப் பீரியடு முதலில் பலியாகிறது.

செலவு? பெங்களூரில் பூஜா ராய் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய ‘ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்’ அமைப்பு பழைய டயர்களை வைத்தே நாடெங்கும் நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்கள் அமைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வண்ணம் பூசிப் புதைப்பார்கள். அதில் ஒரு நுணுக்கம், டயரின் அடியில் துளையிடாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும். டெங்கு வரும் கேரளத்தில் அந்தத் துளையை மறக்கவே கூடாது. பெரும்பாலான பள்ளிகளில் குறையாக இருப்பது கட்டும் பணத்தைவிடப் பராமரிப்புப் பணம்தான். ஊஞ்சல் கொண்டி ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் கேட்கும். கயிறு மழையில் மக்கும். மணலை மழை இழுத்துப்போகும். ஆண்டுதோறும் இதற்கென ஒரு தொகையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாமல் எந்தப் பலகையையும் திறந்து வைக்கக் கூடாது.

வேலையை எங்கே தொடங்குவது என்பதற்குப் பதில் பிள்ளைகளிடம் இருக்கிறது. நாலாம் வகுப்பு மாணவர்களிடம் முற்றத்தின் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டும், பயப்படும் இடத்தில் சிவப்புப் பொட்டும் வைக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஆய்வறிக்கை தயார். சிவப்புப் பொட்டுகள் எங்கே குவியும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்களோ அங்கே பெரும்பாலும் குவியாது. கழிப்பறைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், பெரிய அண்ணன்கள் நிற்கும் மூலையில் குவியும். பொறியாளரின் வரைபடம் இதற்குப் பிறகு வரட்டும்.

கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மே மாதமும் விடுமுறை. மண் வேலைக்குக் கிடைக்கும் நீண்ட இடைவெளி அந்த இரண்டு மாதம்தான். ஜூன் தொடக்கத்தில், பள்ளி திறக்கும் நாளின் பிரவேசன உற்சவத்தில், பலூன்களுக்கும் மிட்டாய்க்கும் நடுவே பெரும்பாலும் மழையும் வந்துவிடும். அன்றைக்கு ஒரு டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது, எந்த மேட்டில் பிள்ளைகள் முதலில் ஏறுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும். அடுத்த ஏப்ரலில் மண்வெட்டியை எங்கே போடுவது என்று அந்தத் தாள் சொல்லும்.